ஒற்றைத் தலைவலிக்கு மென்தொடு சிகிச்சை: பத்து சிட்டிங்குக்குப் பணம் கட்டும் முன்

கேள்வி இது: "மனைவிக்கு 34 வயது. ஐந்தாறு வருடமாக மைக்ரேன். மாதத்தில் ஒன்பது பத்து நாள் வலி. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் காஃபின் கலந்த தலைவலி மாத்திரையை மாதம் பன்னிரண்டு நாளாவது போடுகிறாள். அடையாறு பக்கம் கிரேனியோசேக்ரல் தெரபி (தலையிலும் உடம்பிலும் லேசாகக் கைவைத்துச் செய்யும் மென்தொடு சிகிச்சை) செய்யும் ஒருவர், 'தலையெலும்பு இறுகிப் போயிருக்கிறது, பத்து சிட்டிங்கில் சரியாகிவிடும், மாத்திரையை இன்றே நிறுத்திவிடுங்கள்' என்கிறார். போகலாமா?"

போகலாம். ஆனால் அவர் சொன்ன மூன்றில் முதலாவது தவறு. இரண்டாவதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. மூன்றாவது பாதி சரி, அதுவும் அவர் நினைக்கிற காரணத்துக்காக அல்ல. அந்த மூன்றாவதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டுப் பிரச்சினையில் பெரிய பங்கு அங்கேதான் இருக்கும் என்று தோன்றுகிறது.

தலைவலி மாத்திரையே தலைவலியை வளர்க்கும். காஃபின் போன்றவை சேர்ந்த கூட்டு மாத்திரை, மைக்ரேனுக்கென்று தரும் டிரிப்டான், எர்காட் வகை மருந்து இவற்றில் எதையாவது மாதத்துக்குப் பத்து நாள் அல்லது அதற்கு மேல், மூன்று மாதத்துக்கு மேல் எடுத்துவந்தால், அந்த மருந்தே வலி நாட்களைக் கூட்டக்கூடும். வெறும் பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் என்றால் கணக்கு பதினைந்து நாள். எண்ண வேண்டியது மாத்திரைகளை அல்ல, மாத்திரை போட்ட நாட்களை. ஒரே நாளில் மூன்று போட்டாலும் அது ஒரு நாள்தான். உங்கள் மனைவி பன்னிரண்டு நாள் போடுகிறார். கோட்டைத் தாண்டியாயிற்று.

இப்போது அந்த தெரபிஸ்ட் சொன்னபடி முதல் சிட்டிங் அன்றே மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும் என்று பாருங்கள். பழகிய மருந்து நின்றதும் முதல் இரண்டு நாளிலிருந்து பத்து நாள் வரை வலி கூடும், குமட்டும், தூக்கம் கெடும். "உள்ளே இருக்கிற நோய் வெளியே வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். பிறகு சில வாரங்களில் வலி நாட்கள் மெல்லக் குறையும். அப்போது "பார்த்தீர்களா, கை வேலை செய்கிறது" என்பார்கள். இரண்டுமே மாத்திரையை நிறுத்தியதன் விளைவாக இருக்கலாம். கைக்கு அதில் என்ன பங்கு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. நிறுத்துவதை நரம்பியல் மருத்துவரோடு பேசித் திட்டமிட்டுச் செய்யுங்கள். மாதம் நாலு நாளுக்கு மேல் வலி வருகிறவர்களுக்கு, வலியே வராமல் தடுக்கத் தினமும் எடுக்கும் மருந்தைப் பற்றி மருத்துவர்கள் யோசிப்பார்கள். ப்ரோப்ரனலால், அமிட்ரிப்டிலின், டோபிராமேட், ஃப்ளூனரிசின் ஆகியவை வழக்கமான பெயர்கள். ஆஸ்துமா இருந்தால் ப்ரோப்ரனலால் ஆகாது. குழந்தை பெறும் எண்ணம் இருந்தால், டோபிராமேட், வால்ப்ரோயேட் (இதுவும் ஒரு தடுப்பு மருந்து) எழுதும் முன்பே அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். வலிக்கு முன் கண்ணில் மின்னல் கோடு, வளைவு வளைவாக ஒளி தெரிகிறவர் என்றால் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுக்கிறாரா என்பதையும் மருத்துவர் கேட்பார். அந்தச் சேர்க்கையில் பக்கவாத ஆபத்து கூடுகிறது.

சரி, எலும்பு விஷயத்துக்கு வருவோம். கபாலத்தைக் கையால் உணரும் இந்த முறையை அமெரிக்க ஆஸ்டியோபதி (எலும்பையும் தசையையும் கையால் சரிசெய்யும் முறை) மருத்துவர் வில்லியம் சதர்லாண்ட் 1930களில் வளர்த்தெடுத்தார். 1970களில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜான் அப்ளெட்ஜர் அதை எளிமையாக்கி, கிரேனியோசேக்ரல் தெரபி என்று பெயர் சூட்டிப் பரப்பினார். தலையெலும்புகளின் பொருத்துகள் அசையும், மூளையைச் சுற்றியுள்ள திரவம் நிமிடத்துக்கு ஆறு முதல் பன்னிரண்டு முறை ஏறி இறங்கும், அந்தத் தாளம் கைக்குத் தெரியும் என்பது அவர்கள் கருத்து. வளர்ந்தவரின் கபாலப் பொருத்துகள் பல்லால் பல் கோத்தது போலப் பின்னிக்கிடப்பவை. ஐந்து கிராம் அழுத்தத்தில் அவை நகராது. அந்தத் தாளத்தை ஒரே ஆளின் மேல் வெவ்வேறு தெரபிஸ்ட்டுகள் கைவைத்து எண்ணிய சோதனைகளில், ஒருவர் எண்ணியது இன்னொருவர் எண்ணியதோடு பொருந்தவில்லை. நோயாளியின் தாளம் என்றால் எல்லார் கைக்கும் ஒன்றாகத்தானே தெரிய வேண்டும்?

விளக்கம் தவறு என்பதால் தொடுவதில் பயனே இல்லை என்று ஆகிவிடாது. முகத்துக்கும் மூளையுறைக்கும் போகும் ட்ரைஜெமினல் நரம்பின் வலிச் செய்தியும், கழுத்தின் மேல் மூன்று நரம்புகளின் செய்தியும் மூளைத்தண்டில் ஒரே இடத்தில் வந்து சேருகின்றன. மைக்ரேன் வரும்போது பிடரி பிடித்துக்கொள்வதும், பிடரி இறுகினால் கண்ணுக்குப் பின்னால் வலி தெறிப்பதும் இதனால்தான். கழுத்துத் தசை தளர்ந்தால் அந்தச் சந்திப்புக்குப் போகும் இரைச்சல் கொஞ்சம் குறையலாம். இன்னொன்று, முடி உள்ள தோலில் மெதுவான வருடலை மட்டும் உணர்வதற்கென்றே தனி நரம்பிழைகள் இருக்கின்றன. நொடிக்கு ஒன்றிலிருந்து பத்து சென்டிமீட்டர் வேகத்தில் வருடினால் அவை நன்றாக விழிக்கும், மனமும் உடம்பும் தணியும். அம்மா நெற்றியை வருடினால் தூக்கம் வருகிறதே, அதே வேகம்தான்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 2006இல் நியூசிலாந்தில் 47 மைக்ரேன்காரர்களை வைத்துச் செய்த ஆய்வில், வாரம் ஒரு மசாஜ் பெற்றவர்களுக்கு வலி வரும் தடவை குறைந்தது, தூக்கமும் மேம்பட்டது. சின்ன ஆய்வு, ஆனாலும் கவனிக்கத்தக்கது. 2017இல் நார்வேயில் 104 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு உண்மையான முதுகெலும்புக் கையாளுதல், ஒரு பிரிவுக்கு அதைப் போன்ற பாசாங்கு, மூன்றாவது பிரிவுக்கு வழக்கமான மருந்து மட்டும். நிஜமும் பாசாங்கும் ஒரே அளவுக்கு வலி நாட்களைக் குறைத்தன. கிரேனியோசேக்ரல் முறையைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2024இல் வந்த மதிப்பீடும் சாதகமாக இல்லை.

இதில் மைக்ரேனுக்கே உரிய ஒரு விசேஷம் உண்டு. போலிச் சிகிச்சை எப்படிக் கொடுக்கப்படுகிறது என்பதைப் பொறுத்து அதன் பலன் மாறும். 2013இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், போலி மாத்திரைக்கு 22 சதவீதம் பேர் பலன் கண்டார்கள். போலி அக்குபங்சருக்கு 38, போலி அறுவைச் சிகிச்சைக்கு 58. ஒருவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கவனமாகத் தலையைத் தொடுவது, மாத்திரையை விழுங்குவதைவிடப் பெரிய நிகழ்ச்சி. மோசமான மாதத்தில்தான் ஆட்கள் சிகிச்சை தேடி ஓடுவார்கள், அடுத்த மாதம் எப்படியும் கொஞ்சம் தணியும் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். இது ஏமாற்று என்று நான் சொல்லவரவில்லை. பலன் பலன்தான். அதற்கு எவ்வளவு பணம் கொடுப்பது, எந்த மருந்தைக் கைவிடுவது என்று முடிவெடுக்கும்போது மட்டும் இது நினைவில் இருக்கட்டும்.

நல்ல தெரபிஸ்ட்டின் அறையில் நடப்பது இப்படி இருக்கும். உடை மாற்ற வேண்டியதில்லை, எண்ணெய் கிடையாது. மல்லாந்து படுக்க வேண்டும், முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை. முதலில் பாதம், இடுப்பெலும்பு, வயிற்றின் மேற்பகுதி, காறையெலும்புக்கு அடியில் என்று ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடம் கை சும்மா கிடக்கும். பிறகு தலைமாட்டில் வந்து உட்காருவார். பிடரியில் ஓர் எலும்பு முடிச்சு தட்டுப்படும். அதிலிருந்து விரலைக் கீழே இறக்கினால் எலும்பு முடிந்து சதை தொடங்கும் விளிம்பு வரும். அங்கே இரண்டு கையின் நாலு நாலு விரல் நுனிகளையும் மேல்நோக்கி நிறுத்தி, புறங்கையை மெத்தையில் வைத்துக்கொள்வார். அழுத்துவதில்லை. நாலரை, ஐந்து கிலோ எடையுள்ள தலை தானாக விரல்களின் மேல் இறங்குகிறது, அந்த எடையே போதும். முதல் ஒரு நிமிடம் விரலுக்கு அடியில் சதை கயிறு மாதிரி இருக்கும். மூன்று நாலு நிமிடத்தில் அது இளகி, விரல் உள்ளே போவது போலத் தோன்றும், தலை கனத்து உள்ளங்கையில் உட்காரும். இந்தச் சிகிச்சையில் உருப்படியான பகுதி என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். பிசியோதெரபிஸ்ட்டுகளும் இதையே செய்கிறார்கள், எலும்புத் தாளம் பற்றிப் பேசாமல். கடைசியில் நெற்றி, உச்சி, காது மடல் என்று லேசாகப் பிடித்து நிறுத்துவார்கள். அப்போது அழுத்தம் ஒரு இரண்டு ரூபாய் நாணயத்தின் எடை அளவுக்குத்தான் இருக்கும். மொத்தம் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம்.

எங்கே கெடுகிறது என்றால், விரல் விளிம்பை விட்டுக் கீழே நடுக்கழுத்துக்கு இறங்கும்போது. அல்லது "முடிச்சு இருக்கிறது" என்று கட்டைவிரலால் குத்தும்போது. பிடரியிலிருந்து உச்சிக்கு ஏறும் நரம்பு அந்த வழியாகத்தான் போகிறது. அதை நசுக்கினால் அன்று மாலையே கண்ணுக்குப் பின்னால் வலி கிளம்பும். சிட்டிங் முடிந்ததும் விருட்டென்று எழுந்தால் தலை சுற்றும். பக்கவாட்டில் ஒருக்களித்து, இரண்டு நிமிடம் உட்கார்ந்து, பிறகு எழ வேண்டும். கழுத்து வலி இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் அந்தக் கை உங்களுக்கு ஆகவில்லை என்று அர்த்தம்.

வலி உச்சத்தில் இருக்கும்போது போகாதீர்கள். மைக்ரேன் முற்றியபோது பலருக்குச் சீப்பு பட்டாலே, தலையணை பட்டாலே தோல் வலிக்கும். நரம்பு அந்த அளவுக்குச் சிலிர்த்திருக்கும். வருடல்கூட அப்போது அடிதான். வலி இல்லாத நாளில் போவதே முறை. பட்டினியோடு போகக் கூடாது, வயிறு முட்டவும் கூடாது. அறையில் ஊதுபத்தி, லெமன்கிராஸ் எண்ணெய், சாம்பிராணி என்று ஏதாவது கமழ்ந்தால் முதல் ஐந்து நிமிடத்திலேயே எடுக்கச் சொல்லுங்கள், வாசனையே பலருக்கு வலியைக் கிளப்பும். நெற்றி முழுக்கத் தைலம் பூசிக்கொள்கிற பழக்கமும் சிலருக்கு இப்படித்தான் திருப்பி அடிக்கிறது. ஏசி காற்று கழுத்தில் நேராகப் படாமல் படுக்கையை நகர்த்தச் சொல்லலாம். அதற்கெல்லாம் கூச்சப்பட வேண்டாம்.

நம் ஊருக்கே உரிய ஒரு சங்கதி: எண்ணெய் மசாஜ் செய்கிற இடத்துக்குப் போனால் வீட்டுக்கு வந்ததும் தலைக்குக் குளிக்கத் தோன்றும். தலைக்குக் குளிப்பதே இந்தியப் பெண்களில் ஒரு பகுதியினருக்கு மைக்ரேனைத் தூண்டுகிறது என்று நம் நாட்டு மருத்துவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். நீண்ட கூந்தல் ஈரமாகவே கிடப்பது அவர்களுக்கு ஆகாது. உங்கள் மனைவி அந்த வகையா என்று இரண்டு மூன்று வாரம் கவனியுங்கள். ஆமென்றால் எண்ணெய் இல்லாத முறையே நல்லது. அதேபோல, கத்திரி வெயிலில் மத்தியானம் இரண்டு மணிக்குச் சிட்டிங் வைத்துக்கொண்டு, இறுக்கமான ஹெல்மெட்டோடு ஓஎம்ஆர் சிக்னல்களில் நின்று திரும்பினால், கிடைத்த தளர்வு வீடு சேருவதற்குள் போய்விடும். மாலை ஆறுக்கு மேல் நேரம் கேளுங்கள், ஆட்டோவில் போங்கள்.

இனி ஒரு கண்டிப்பு. மென்தொடு சிகிச்சை பெரும்பாலானோருக்குப் பாதுகாப்பானது, ஏனென்றால் அது மென்மையானது. கழுத்தைத் திருகி "கடக்" என்று சொடுக்குவது வேறு விஷயம், அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். சலூனில் முடி வெட்டி முடித்ததும் இலவசமாகக் கிடைக்கிற அந்தச் சொடுக்கும் இதில் சேர்த்தி. கழுத்தெலும்பின் ஓட்டைகள் வழியாக மூளைக்கு ஏறும் ரத்தக் குழாயின் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள் உண்டு. பார்லர் வாஷ்பேசினில் கழுத்தைப் பின்னால் மடித்து வைத்திருந்ததாலும் வந்திருக்கிறது. "பியூட்டி பார்லர் ஸ்ட்ரோக்" என்ற பெயர் 1993இலிருந்தே மருத்துவ இதழ்களில் இருக்கிறது. அரிதுதான். ஆனால் அப்படிக் கிழிவதன் முதல் அறிகுறியே புதிதாக ஒரு பக்கம் கழுத்து வலி, தலைவலி. அதை மைக்ரேன் என்று எண்ணித் திருகக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் பயம்.

அதனால் எந்தக் கையிலும் தலையைக் கொடுக்கும் முன், இது மைக்ரேன்தானா என்பது உறுதியாகியிருக்க வேண்டும். மருந்து எடுக்காவிட்டால் 4 முதல் 72 மணி நேரம் நீடிப்பது, ஒரு பக்கம், துடிப்பு, படியேறினால் கூடுவது, குமட்டல், வெளிச்சமும் சத்தமும் ஆகாமல் போவது, இப்படிக் குறைந்தது ஐந்து முறையாவது வந்திருப்பது மைக்ரேனின் முகம். திடீரென்று சில நொடிகளில் உச்சத்துக்குப் போன வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் மரத்துப் போதல், பேச்சுக் குழறல், வலிப்பு, ஐம்பது வயதுக்கு மேல் முதன்முதலாக வருவது, தலையில் அடிபட்ட பின் வருவது, கர்ப்பத்திலோ பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களிலோ புதிதாக வருவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் நேரே மருத்துவமனை. குறிப்பாகப் பிரசவத்துக்குப் பின் வரும் தலைவலியை "பச்சை உடம்பு, காற்று பட்டுவிட்டது" என்று தள்ளிவிடாதீர்கள். மூளையின் சிரைகளில் ரத்தம் உறைவது அந்த நேரத்தில் வரக்கூடியது. செலவு தடையாக இருந்தால், சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் நரம்பியல் பிரிவு இருக்கிறது. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விட வேண்டும்.

யாரிடம் போவது? கிரேனியோசேக்ரல் படிப்பு பெரும்பாலும் சில நாள் பயிற்சிப் பட்டறைகளாக நடப்பது. சுவரில் மாட்டிய சான்றிதழை விட, அதற்கு முன் அவர் என்ன படித்தார் என்பதைக் கேளுங்கள். பிசியோதெரபிப் பட்டம் என்றால் நாலு வருடப் படிப்பும் அதன் பின் பயிற்சிக் காலமும். இயற்கை மருத்துவ, சித்த மருத்துவப் பட்டங்கள் ஐந்தரை வருடம். சித்த மருத்துவத்திலேயே தொக்கணம் என்று தட்டல், இறுக்கல், பிடித்தல் முதலான ஒன்பது கைமுறைகள் உண்டு. தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம், அரும்பாக்கம் அரசு இந்திய மருத்துவமனை இரண்டிலும் பட்டம் பெற்றவர்களே பார்க்கிறார்கள். அங்கும் கேட்க வேண்டியது இதே கேள்விதான்: கழுத்தைத் திருகுவீர்களா?

பத்து சிட்டிங் பேக்கேஜை முன்பணம் கட்டி வாங்காதீர்கள். முதலில் ஒரு சாதாரண டைரியில் 28 நாள் குறிப்பு எடுங்கள். வலி நாளா, வலிக்குப் பத்துக்கு எத்தனை, மாத்திரை போட்ட நாளா, மாதவிலக்கு நாளா, தூக்கம் எத்தனை மணி. 28 நாள் ஏன் என்றால் ஒரு மாதவிலக்காவது உள்ளே வர வேண்டும். ஈஸ்ட்ரோஜன் இறங்கும் அந்த நாட்களில் வலி கூடுவது வழக்கம், அதை விட்டுவிட்டு எண்ணினால் கணக்கு பொய்யாகும். இந்த டைரி நரம்பியல் மருத்துவருக்கும் அப்படியே உதவும். மாத்திரை விவகாரம் தீர்ந்து, புதிய தடுப்பு மருந்து நிலைப்பட்ட பிறகு, வாரம் ஒன்றாக ஆறு சிட்டிங். அந்த ஆறு வாரத்தில் வேறு எதையும் புதிதாகத் தொடங்கக் கூடாது, காபியின் அளவைக்கூட மாற்ற வேண்டாம். பிறகு இன்னொரு 28 நாள் எண்ணுங்கள். எட்டு நாள் நாலாகக் குறைந்தால் அது நல்ல பலன், மருத்துவர்கள் தடுப்பு மருந்தை அளப்பதும் இதே பாதிக் கணக்கில்தான். எட்டு ஏழானால் அது மாதாமாத ஏற்ற இறக்கம்.

வீட்டிலேயே செய்துபார்க்க ஒன்று உண்டு, செலவு இரண்டு டென்னிஸ் பால். தெருக் கிரிக்கெட்டில் அடிபட்டு மிருதுவான பழைய பந்துகளாக இருந்தால் இன்னும் நல்லது, ரப்பர் பந்து வேண்டாம். ஒரு சாக்ஸுக்குள் இரண்டையும் போட்டு, ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும்படி இறுக்கி முடிச்சுப் போடுங்கள். பாயில் மல்லாந்து படுத்து, காதுத் துளைக்கு நேராகப் பிடரி எலும்பின் மேல் இரண்டு பந்தும் படும்படி வையுங்கள். கழுத்துக் குழியில் வைத்தால் மேலே சொன்ன நரம்பு நசுங்கி வலி வரும், பெரும்பாலானோர் செய்யும் தவறு இதுதான். முகவாய் லேசாக உள்ளே இருக்கட்டும். முதல் வாரம் ஐந்து நிமிடம், பிறகு பத்து, பதினைந்துக்கு மேல் வேண்டாம். அப்படியே தூங்கிவிடாமல் இருக்க போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். மூளையில் ரத்தக் குழாய் வீக்கம், ரத்தக் கசிவு, அண்மையில் மண்டையோட்டு முறிவு, தலைக்குள் அழுத்தம் கூடிய நிலை உள்ளவர்களுக்கு இந்தப் பந்தும் கூடாது, கிரேனியோசேக்ரலும் கூடாது. மற்றபடி, வலி இல்லாத நாட்களில் தூங்கப்போகும் முன் செய்துபார்த்து, அதையும் அதே டைரியில் தனிக் கட்டத்தில் குறியுங்கள். சிட்டிங் எடுக்கும் ஆறு வாரத்தில் மட்டும் பந்தை அலமாரியில் வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எது வேலை செய்தது என்று தெரியாது.